லீவு அவர்களுக்கு, டியூட்டி எங்களுக்கு

முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன் நான். தர்மபுரியிலிருந்து ஓசூர், பாலக்கோடு ராயக்கோட்டை வழி. முகூர்த்த நாளில் படிக்கட்டில் தொங்குகிறவர்களையும் சேர்த்து நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, ஒருத்தரை விடாமல் டிக்கெட் போட்டு, சில்லறைச் சண்டை, சீட்டுச் சண்டை, வாந்தி எல்லாவற்றையும் சமாளித்துக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு இன்றைக்கு நாலே நாலு பிள்ளைகளைச் சமாளிக்க முடியவில்லை. வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கொட்டிவிடுகிறேன்.

மகன் பெங்களூரில், மகள் ஓசூரில். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். இங்கேதான் முதல் கோளாறு. கர்நாடகாவில் ஏப்ரல் பாதியிலேயே லீவு விட்டுவிடுகிறார்கள், மே கடைசியில் பள்ளி திறந்துவிடும். தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியில் விட்டு ஜூனில் திறக்கிறார்கள். ஆக, முதலில் பெங்களூர் வண்டி வந்து நிற்கும். அது கிளம்புவதற்குள் ஓசூர் வண்டி வந்துவிடும். நடுவில் ஒரு மாதம் நாலு பேரும் ஒன்றாக. இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து எங்கள் வீடுதான் டிப்போ.

அதிலும் 2023-ஐ நினைத்தால் இப்போதும் எனக்குப் படபடக்கும். ஜூன் 1 என்றார்கள். வெயில் அதிகம், 7 என்றார்கள். அப்புறம் அதுவும் இல்லை, பெரிய வகுப்புக்கு 12, சின்ன வகுப்புக்கு 14 என்றார்கள். டிவியில் செய்தி ஓடும்போது என் வீட்டுக்காரி கையில் வைத்திருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து ‘வெயில் சுட்டெரிக்கும்’ என்று செய்தியில் வந்தாலே எழுந்துபோய் டிவியை அணைத்துவிடுகிறாள்.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. என் கோபமெல்லாம் அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற பெரிய மனிதர்கள் மேல்தான். விடும்போது இருவரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். “கிராமத்துல இருந்தா நல்லா ஓடியாடி விளையாடுவாங்கப்பா. நாங்கல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்? எங்களை யாரு பார்த்துக்கிட்டா?” ஞாயிறு சாயங்காலம் காரில் ஏறும்போது சட்டம் போடுவார்கள். போன் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. மைதா கூடாது. களி கொடுங்க, ராகி உடம்புக்கு நல்லது. பதினோரு மணிக்கு மேல் வெயிலில் விடக்கூடாது. ஆனால் வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்கக்கூடாது. சரி, பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் இவர்களை நான் எங்கே வைப்பது? பரணிலா?

களி கதையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். நடுவன் ஒரு வாய் வைத்துவிட்டு “தாத்தா, இதை மெல்லணுமா, முழுங்கணுமா?” என்று கேட்டான். முழுங்கணும் என்றேன். முழுங்கவில்லை. அன்றிலிருந்து நூடுல்ஸ் பாக்கெட்தான். அப்பன் ஆத்தாளுக்குத் தெரியாது.

போன் கதை அதைவிட மோசம். என் போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. காலை பத்தரைக்குத் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் கோயில் கமிட்டியிலிருந்து வருகிற வாட்ஸ்அப் கூட எனக்கு மறுநாள்தான் திறக்கிறது. போன் கொடுக்காதே என்று சொல்கிறவர்கள் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அதற்குப் பதிலாக என்ன கொடுப்பது என்று சொல்லட்டும். “கதை சொல்லுங்கப்பா” என்கிறாள் மகள். அதியமானுக்கு ஔவை, ஔவைக்கு நெல்லிக்கனி என்று நம்ம ஊர்க் கதையை எடுத்துவிட்டேன். எவ்வளவு இழுத்தாலும் பத்து நிமிடம். முடிந்ததும் பெரியவள் கேட்டாள்: “ரெண்டா கட் பண்ணி ஆளுக்குப் பாதி சாப்பிட்டிருக்கலாமே?” எனக்குப் பதில் தெரியவில்லை. பகல் பதினொன்று இருபது. நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

‘நாங்கல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்’ என்கிற அந்த வார்த்தைதான் எனக்கு ஆவதில்லை. எங்கே வளர்ந்தீர்கள், இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது காரை நிறுத்திப் பார்த்தீர்களா?

நீங்கள் நீச்சல் கற்றுக்கொண்டது நம் கிணற்றில். சுரைக்குடுவையை இடுப்பில் கட்டி நான்தான் தள்ளிவிட்டேன். இப்போது அந்தக் கிணற்றில் தண்ணீர் கிடையாது. சுற்றி ஆளாளுக்கு ஆயிரம் அடி போர் போட்டு உறிஞ்சியாகிவிட்டது. வெறுங்கிணற்றில் ஆட்டுக்குட்டி விழுந்ததென்று மேலே இரும்பு கிரில் போட்டுப் பூட்டியவனும் நானே. வெயிலில் நீங்கள் ஒதுங்கிக் கோலி ஆடினது ரோட்டோரப் புளியமரத்தடியில். ரோட்டை அகலப்படுத்தும்போது மரத்தை வெட்டிவிட்டார்கள். இப்போது ஓசூருக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். நீங்கள் கிரிக்கெட் ஆடினது பள்ளிக்கூட மைதானத்தில். லீவு விட்ட அன்று சாயங்காலம் அதன் கேட்டில் பூட்டு விழும்; ஜூனில்தான் திறக்கும். உள்ளே நாலு வேப்பமரம், நல்ல நிழல், அடிபம்பு. ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் வெளியே சுவரோர வெயிலில். போய்க் கேட்டேன். “பசங்க விழுந்து கைகால் ஒடிச்சுக்கிட்டா யாருங்க பொறுப்பு?” என்றார்கள். நியாயம்தான். ரோட்டில் விளையாடி லாரியில் அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, நாளைக்கு ஒரு சர்ட்டிபிகேட்டுக்கு அவர்களிடம்தான் போய் நிற்கவேண்டும்.

அப்புறம் மாந்தோப்பு. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நமக்கு முக்கால் ஏக்கர், பெரும்பாலும் பெங்களூரா ரகம், நாலு மரம் செந்தூரா. கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஆலைகளுக்குப் போகிற காய். மருந்தடிக்கவும் ஆள் வைக்கவும் என்னால் ஆகாதென்று பூ விட்டபோதே வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டுவிடுகிறேன். இந்தப் பக்கம் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். போன வாரம் எட்டு வயதுக்காரன் தோப்புக்குள் போய்க் கீழே விழுந்து கிடந்த ஒரு செந்தூராவை எடுத்திருக்கிறான். காவல்காரர் “யார்ரா அது, போடு கீழே” என்று கத்தியிருக்கிறார். “இது எங்க தாத்தா தோட்டம்” என்று இவன் சொல்லியிருக்கிறான். “அப்போ போய் உங்க தாத்தாவையே கேளு” என்றாராம். நேராக என்னிடம் வந்தான். கையில் மாம்பழம் இல்லை. காம்புப் பால் மட்டும் விரலில் ஒட்டியிருந்தது. குத்தகை என்றால் என்ன என்று விளக்கினேன். காய் எல்லாம் அவங்களுது, மரம் நம்மளுது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ நமக்கு இலைதானா தாத்தா?” என்றான்.

சாயங்காலம் பாலக்கோடு கடையில் கிலோ கணக்கில் மாம்பழம் வாங்கி வந்து கொடுத்தேன். என் தோப்புப் பழமாகக்கூட இருக்கலாம்.

‘எங்காவது கூட்டிட்டுப் போங்க, நான் பணம் அனுப்பறேன்’ என்பான் மகன். போனோமே, ஒகேனக்கல்லுக்கு. தர்மபுரி போய், பென்னாகரம் வழியாக இன்னொரு பஸ். குட்டிக்கு ஐந்து முடிந்துவிட்டது, டிக்கெட் எடுக்கவேண்டும். (என் சர்வீஸில் மூன்று வயது வரைதான் இலவசம். 2022-ல்தான் ஐந்து ஆக்கினார்கள். மூணு முடியலை, மூணு முடியலை என்று மீசை முளைக்கப்போகிற பையனைக் காட்டிச் சொன்ன தாய்மார்களோடு நான் எத்தனை சண்டை போட்டிருப்பேன்! அன்றைக்கு என் வாயிலும் ‘அஞ்சு முடியலைங்க’ என்று வந்தது. அந்த நடத்துநர் தம்பி ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், காசை எடுத்து நீட்டிவிட்டேன்.) பரிசலுக்கு வரிசை, முதலைப் பண்ணை, மீன் வறுவல், எண்ணெய்க் குளியலுக்கு இழுக்கிறவர்களிடம் தப்பிப்பது, எல்லாம் ஆயிற்று. பரிசல்காரர் நடு ஆற்றில் ஒரு சுற்று சுற்றிவிட்டபோது நாலும் ஒரே குரலாகக் கூச்சல் போட்டன. எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மூவாயிரம் ரூபாய் காலி, எனக்கு முட்டி வலி. ராத்திரி எட்டரைக்கு வீட்டுப் படி ஏறும்போது நடுவன் கேட்கிறான்: “தாத்தா, நாளைக்கு எங்கே?”

கோடை முகாம் என்று ஒன்று சொல்வார்கள். தனியார் நடத்துவதில் கையெழுத்துக்கு ஒரு ஃபீஸ், அபாகஸுக்கு ஒரு ஃபீஸ், தலைக்கு இத்தனை ஆயிரம். அரசாங்கத்து விளையாட்டு முகாம் மாவட்ட விளையாட்டரங்கில், விடிந்தும் விடியாமலும் ஆரம்பிக்கிறார்கள். நாங்கள் இருக்கிற ஊரிலிருந்து அந்நேரத்துக்கு நாலு பேரை எழுப்பிப் பல் தேய்க்க வைத்துத் தர்மபுரிக்குக் கூட்டிப்போகவேண்டுமானால் நான் மறுபடியும் முதல் டிரிப் டியூட்டிக்குப் போவதாகத்தான் அர்த்தம். ரிட்டயர் ஆனதே அதிலிருந்து தப்பிக்கத்தான்.

இத்தனை பாட்டுக்கும் நடுவில் ஒன்று மட்டும் நடந்தது. எங்கள் பக்கம் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள், பதினெட்டு நாள். மத்தியானம் ஆர்மோனியத்தோடு பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. பக்கத்து ஊரில் வைத்திருந்தார்கள். வேறு வழி தெரியாமல்தான் கூட்டிக்கொண்டு போனேன். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசியபோது பெரியவள் போனை மறந்தாள். கடைசி நாள் படுகளம். மல்லாந்து படுத்த துரியோதனனை மண்ணில் பிரம்மாண்டமாகச் செய்து வைத்திருந்தார்கள். வேஷம் கட்டின பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிச் சுற்றி ஓட, கடைசியில் தொடை பிளந்து, திரௌபதி விரித்த கூந்தலை முடிகிறாள். நாலு பேரும் திறந்த வாயை மூடவில்லை.

மறுநாள் நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எங்கள் வாசலில் துரியோதனன் படுத்திருந்தான். ஐந்தடி நீளம். மீசைக்கு அடுப்புக்கரி. கிரீடம் முழுக்க நூடுல்ஸ் பாக்கெட் தாள். பீமனின் கதாயுதம் என் வீட்டுக்காரி களி கிண்டுகிற துடுப்பு. ரத்தத்துக்கு ஒரு டப்பா குங்குமமும் காலி. அதெல்லாம் போகட்டும். மண்ணைக் குழைக்க எந்தத் தண்ணீர் தெரியுமா? இரண்டு குடம் ஒகேனக்கல் தண்ணீர். எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. என் வயசுக்காரர்கள் சிரித்தால் பல்லைப் பார்த்தே தர்மபுரி என்று சொல்லிவிடலாம். அதற்காகத்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள், 2013-ல் தொடங்கியது. அந்தத் தண்ணீர் முறை வைத்து வருகிறது, குடத்தில் பிடித்துத் துணி கட்டி வைத்திருக்கிறோம். அதைக் கொண்டுபோய் துரியோதனன் தொப்புளில் ஊற்றியிருக்கிறார்கள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழி பறந்தது.

ஆனால் அன்றைக்குப் போன் சார்ஜரிலேயே கிடந்தது. பதினோரு மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, யாரும் ‘போர் அடிக்குது’ என்று சொல்லவில்லை. தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். குட்டிதான் திரௌபதி. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் சீப்பைக் கிட்டே விடவில்லை. துரியோதனன் செத்தால்தான் வாருவாளாம்.

சாயங்காலம் வீடியோ கால். மகள் பார்த்தாள். உடம்பெல்லாம் சேறு, நெற்றியில் குங்குமம், பரட்டைத் தலை. “என்னம்மா இது, தலைகூட வாரி விடமாட்டீங்களா? இந்த மண்ணெல்லாம் அவளுக்கு அலர்ஜி ஆயிடும்மா. கூத்து கீத்துன்னு ராத்திரியெல்லாம் முழிக்க வெச்சா தூக்கம் என்னத்துக்கு ஆகும்?” எங்களுக்குப் பேச்சே வரவில்லை. என் வீட்டுக்காரி போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். பேரப்பிள்ளைகள் வாயால் அதைக் கேட்க அவளுக்கு ஆசை. மருமகள் கூடாது என்றுவிட்டாள். ஆயா என்றால் குழந்தை பார்த்துக்கொள்கிற வேலைக்காரம்மா, கேட்க ஒரு மாதிரி இருக்கிறது, பாட்டி என்றே கூப்பிடட்டும் என்று. சரி என்று விட்டுவிட்டோம்.

நேற்று ராத்திரி மகன் போன் செய்தான். பிள்ளைகளுக்கு மே கடைசியில் பள்ளி திறக்கிறது. ஆனால் அவர்கள் இருவருக்கும் ஆபீஸில் வேலை அதிகமாம். பிள்ளைகளை வழக்கமாகப் பார்த்துக்கொள்கிற வேலைக்காரம்மாவும் ஊருக்குப் போயிருக்கிறார்களாம். “முதல் வாரம் ஒண்ணும் நடத்த மாட்டாங்கப்பா. இன்னும் ஒரு பத்து நாள் அங்கேயே இருக்கட்டுமே.” ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். துரியோதனன் மண் ஒட்டியிருந்த துடுப்பைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்து போனை வாங்கினாள்.

“ஏம்ப்பா, உங்க ஊர்ல ஆயாவுக்கு மாசம் எவ்வளவு தராங்க?”

மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.