விசில் ஊதாமல் விடுவதும் ஒரு தீர்ப்புதான்

பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் தொடர்கள், நெருங்கினால் போதும், இங்கே டொராண்டோவில் ஐஸ் ஹாக்கி பார்க்கிற எல்லாரும் ஒரே பல்லவியைப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். "ரெஃப்ரி விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆட விடணும், ஆட்டத்தை ஆட்டக்காரர்கள்தான் முடிவு செய்யணும், பெனால்டி முடிவு செய்யக் கூடாது." பெனால்டி என்றால் தப்பு செய்தவனைச் சில நிமிடம் வெளியே உட்கார வைத்து, அவன் அணியை ஒரு ஆள் குறைவாக ஆட வைப்பது. டிவியில் உட்கார்ந்து பேசுகிற முன்னாள் வீரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், கூட வேலை செய்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு கிடையாது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மோதல் இல்லாத ஹாக்கி எனக்கு வேண்டாம். பக்கோடு (ஆடுகிற ரப்பர் வட்டு) வேகமாக வருகிறவனைத் தோளால் நெஞ்சில் இடித்து, பக்கைப் பறித்துக்கொண்டு போவது இந்த விளையாட்டின் உயிர். ஆனால் "ஆட விடு" என்று கத்துகிறவர்கள் காப்பாற்றுவது அந்த மோதலை அல்ல. அடுத்த ஆட்டத்தில் பக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக் வைத்திருப்பவனைத் துரத்திக்கொண்டு வருகிறவனின் ஸ்டிக்கைப் பாருங்கள். முன்னால் போகிறவன் அரை அடி முந்திவிட்டான், இனி காலால் எட்டிப்பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் அந்த ஸ்டிக் மெதுவாக எழும்பும், முன்னவனின் இடுப்பிலோ மணிக்கட்டிலோ ஒரு கணம் கொக்கி போடும், உடனே விலகிவிடும். விழுவதும் இல்லை, அடிபடுவதும் இல்லை. ஆனால் முந்திய அந்த அரை அடி போய்விட்டது, கோல் வாய்ப்பும் போய்விட்டது. இதில் எங்கே இருக்கிறது வீரம்? ஓட முடியாதவன் ஓடுகிறவனின் சட்டையைப் பிடிக்கிறான், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் என்ஹெச்எல், அதாவது வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக், முழுக்க இப்படித்தான் இருந்தது. 1995-இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் நடு மைதானத்தை அடைத்துக்கொண்டு ஆடி லீக்கின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது. அவர்களிடம் திறமையும் நிறைய இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து மற்ற அணிகள் எல்லாம் அடைப்பதையும் பிடிப்பதையும் இழுப்பதையும் மட்டும் கற்றுக்கொண்டன. மாரியோ லெமியூ மாதிரி ஒரு மேதை, முதுகில் இரண்டு ஆளைச் சுமந்துகொண்டு ஆட வேண்டியிருந்தது. 1992-லேயே அவர் வெறுத்துப்போய் என்ஹெச்எல்லை "கராஜ் லீக்" (தரமில்லாத லீக்) என்று சொல்லி அபராதமும் கட்டினார். ஐந்து வருடம் கழித்து முதல் முறை ஓய்வு பெற்றபோதும் அவர் மனக்குறை இதுவாகவே இருந்தது.

அப்புறம் 2004-05 வந்தது. சம்பளத் தகராறில் ஒரு சீசன் முழுவதுமே ரத்து, கோப்பையே வழங்கவில்லை. அந்த இடைவெளியில் பிரெண்டன் ஷனஹான் என்ற ஆட்டக்காரர் டொராண்டோவில் ஒரு கூட்டம் போட்டு, ஆட்டக்காரர், பயிற்சியாளர், நடுவர் எல்லாரையும் உட்கார வைத்து ஆட்டத்தை எப்படிச் சரிசெய்வது என்று பேச வைத்தார். 2005 அக்டோபரில் லீக் திரும்பி வந்தபோது ஹுக்கிங் (ஸ்டிக்கால் கொக்கி போடுவது), ஹோல்டிங் (பிடித்து இழுப்பது), இன்டர்ஃபியரன்ஸ் (பக் இல்லாதவனை மறிப்பது) எதற்கும் தயவு இல்லை, ஸ்டிக் உடம்பில் பட்டு ஓட்டம் தடைபட்டால் இரண்டு நிமிடம் வெளியே. ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்துக்கு சராசரியாக ஆறுக்குச் சற்றுக் குறைவான பவர் பிளே (எதிரணி பெனால்டியால் ஆள் குறைவாக ஆடும் நேரம்), அதாவது 5.85. இரண்டு அணியும் சேர்ந்து போடும் கோல் ஆட்டத்துக்கு ஐந்து சொச்சத்தில் இருந்து ஆறைத் தாண்டியது. அதே வருடம்தான் பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான கிராஸ்பியும் ஒவெச்கினும் அறிமுகமானார்கள், இரண்டு பேருமே முதல் சீசனிலேயே நூறு புள்ளியை (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) தாண்டினார்கள். அவர்கள் ஐந்து வருடம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அந்த 5.85, 2024-25 சீசனில் மூன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆட்டக்காரர்கள் திருந்திவிட்டதும் இதற்கு ஒரு காரணம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் நம்பமாட்டேன். 2021 மார்ச்சில் நாஷ்வில், டெட்ராய்ட் ஆட்டத்தில் டிம் பீல் என்ற ரெஃப்ரியின் மைக் ஆஃப் ஆகாமல் இருந்தது. நாஷ்வில் மீது பெனால்டி கொடுத்துவிட்டு, அது பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் சீக்கிரமே அவர்கள் மீது ஒன்று கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன் என்கிற மாதிரி அவர் பேசியது டிவியில் அப்படியே போய்விட்டது. லீக் மறுநாளே அவரைத் தூக்கியது. அந்த ஒரு மனிதரை அனுப்பியதோடு விஷயம் முடிந்ததாக எல்லாரும் காட்டிக்கொண்டார்கள். ஆனால் இரண்டு பக்கமும் பெனால்டியைச் சரிக்கட்டுவது, ஸ்கோரைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து விசிலைத் தொடுவது, இதெல்லாம் அவர் ஒருவரின் பழக்கம் இல்லை என்பது ஆட்டம் பார்க்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

2019 வசந்தம் இதற்கு நல்ல சாட்சி. சான் ஹோசே, வேகஸ் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், வேகஸ் 3-0 முன்னிலை, பத்து நிமிடம் சொச்சம்தான் பாக்கி. ஃபேஸ்ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) முடிந்த கையோடு வேகஸின் கோடி ஈக்கின், சான் ஹோசேயின் ஜோ பவெல்ஸ்கியை நெஞ்சில் கிராஸ் செக் செய்தார், அதாவது இரண்டு கையிலும் பிடித்த ஸ்டிக்கால் தள்ளினார், பவெல்ஸ்கி தடுமாறி இன்னொருவர் மீது பட்டு விழுந்தார், தலை ஐஸில் மோதியது, ரத்தம். நடுவர்கள் கூடிப் பேசிவிட்டு மேஜர் எனப்படும் ஐந்து நிமிட பெனால்டி கொடுத்தார்கள். இரண்டு நிமிட பெனால்டியாக இருந்தால் ஒரு கோல் விழுந்ததும் முடிந்துவிடும், மேஜர் அப்படி முடியாது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் சான் ஹோசே நாலு கோல் போட்டது, பிறகு வேகஸ் சமன் செய்தும் ஓவர்டைமில் ஜெயித்தது. லீக் வேகஸிடம் வருத்தம் தெரிவித்தது, அடுத்த சீசனில் இருந்து மேஜரை வீடியோவில் பார்க்கவும் விதி வந்தது. சரி. அதே வருடம் இறுதிப்போட்டி, ஐந்தாவது ஆட்டம், மூன்றாவது பீரியட். செயின்ட் லூயிஸின் டைலர் போசாக், பாஸ்டனின் நோயல் அச்சியாரியின் காலை வாரிவிட்டார், ரெஃப்ரி கையைத் தூக்கவில்லை, சில நொடியில் செயின்ட் லூயிஸின் டேவிட் பெரோன் கோல், ஆட்டம் கடைசியில் 2-1 என்று முடிந்தது. செயின்ட் லூயிஸ் கோப்பையையும் வென்றது. ஒரு இடத்தில் காயத்தைப் பார்த்து அளவுக்கு மீறிய தண்டனை, இன்னொரு இடத்தில் கண்முன் நடந்த குற்றத்துக்கு எதுவுமே இல்லை. கடைசி ஓவர் என்பதற்காக நோ-பால் கொடுக்காமல் விடுகிற அம்பயரை நாம் சும்மா விடுவோமா?

இனி அடிதடி பக்கம். 2005-இல் பிடித்து இழுப்பதை நிறுத்தியதால் வேகம் கூடியது, வேகம் கூடியதால் மோதலின் பலமும் கூடியது, தலைகள் அடிவாங்கின. கடுமையான விதி வேண்டும் என்று சொல்லும் என் போன்றவர்கள் இதை மறைக்கக் கூடாது. ஆனால் தலைக்கு அடி என்பது அதற்கு முன்னாலும் இருந்ததுதான். 2000 மே மாதம் ஸ்காட் ஸ்டீவன்ஸ் தோளால் இடித்து எரிக் லிண்ட்ராஸ் ஐஸில் சரிந்தது அன்றைய விதிப்படி சுத்தமான மோதல். 2010 மார்ச்சில் மாட் குக், மார்க் சவார்டின் தலையில் இடித்தபோதும் பெனால்டி இல்லை, தடை இல்லை, ஏனென்றால் தண்டிக்க விதியே இல்லை. அதன்பிறகுதான் தலையைக் குறிவைக்கும் மோதலுக்கு எதிராக 48-ஆம் விதி வந்தது. சவார்டின் ஆட்ட வாழ்க்கை அடுத்த ஜனவரியோடு முடிந்தே போனது. கிராஸ்பியையே 2011 ஜனவரி முதல் வாரத்தில் இரண்டு அடி சேர்ந்து பத்து மாதத்துக்கு மேல் உட்கார வைத்தது.

விதி இருந்து என்ன, தண்டனைக்கு யாராவது பயப்பட வேண்டாமா? 2021 மே மாதம் வாஷிங்டன் அணியின் டாம் வில்சன், நியூயார்க் ரேஞ்சர்ஸின் புச்னெவிச் தரையில் கிடந்தபோது அவரைக் குத்தினார், பனாரினைத் தூக்கி ஐஸில் போட்டார், பனாரினுக்கு சீசனே முடிந்துவிட்டது. ஏற்கனவே பலமுறை தடை வாங்கியவருக்கு லீக் கொடுத்தது 5,000 டாலர் அபராதம். அதைக் கண்டித்து அறிக்கை விட்ட நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு 2,50,000 டாலர்! அடித்தவனைவிட அழுதவனுக்கு ஐம்பது மடங்கு. இரண்டு நாள் கழித்து அதே இரண்டு அணிகள் மறுபடி ஆடியபோது பக் விழுந்த அடுத்த நொடியே கைகலப்பு, முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆறு சண்டை. லீக் கேட்காத நியாயத்தை ஆட்டக்காரர்கள் கையால் கேட்டார்கள். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2004 இருக்கிறது. கொலராடோவின் ஸ்டீவ் மூர், வான்கூவர் கேப்டன் நாஸ்லண்டை இடித்தார், தண்டனை எதுவும் இல்லை. மூன்று வாரம் கழித்து வான்கூவரின் டாட் பெர்டூசி பின்னால் இருந்து மூரைக் குத்தி முகம் குப்புறத் தள்ளினார், கழுத்தெலும்புகள் முறிந்தன. மூர் அதன்பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வழக்கு முடிய பத்து வருடம் ஆனது. "ஆட்டக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு சம்பவத்தை முழுசாகப் படித்துவிட்டு வந்து பேசட்டும்.

நான் எங்கள் ஊர் அணியான டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸின் ரசிகன், எனக்கு 2025 இன்னும் ஆறவில்லை. பிளேஆஃபில் ஃபுளோரிடாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர்களின் சாம் பென்னட்டின் முழங்கை எங்கள் கோல்கீப்பர் ஸ்டோலார்ஸின் தலையில் பட்டது. பெனால்டி இல்லை, லீக் பிறகு கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை. அந்த ஆட்டத்தை ஜெயித்தோம், ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தொடரில் ஸ்டோலார்ஸ் வலைக்கு முன் நிற்கவில்லை, ஏழாவது ஆட்டத்தில் எல்லாம் முடிந்தது. பென்னட் அந்தப் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அவர் அபாரமாக ஆடினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லீஃப்ஸ் தோற்றதற்கு அந்த ஒரு அடிதான் காரணம் என்றும் சொல்லமாட்டேன். வலைக்கு முன்னால் நிற்கிற, எதிர்த்து இடிக்க முடியாத ஒருவரின் தலையில் முழங்கை பட்டால் என்ன விலை என்று அன்று லீக் சொல்லவே இல்லை, என் ஆத்திரம் அதில்தான்.

மேஜரை வீடியோவில் பார்க்க முடிகிறது, மைனர் எனப்படும் இரண்டு நிமிட பெனால்டியை எல்லாம் பார்க்க முடியாது, ஆட்டம் நகராது. அதனால் நடுவர்தான் பிடிமானம். அவர்களுக்கு லீக் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: சீசன் தொடங்கும் அக்டோபரில் முதல் பீரியடில் எது ஹுக்கிங்கோ அதுதான் இறுதிப்போட்டி நடக்கும் ஜூனில் ஓவர்டைமிலும் ஹுக்கிங். தலைக்கு அடித்தால் பணத்தில் அல்ல, ஆட்டங்களில் தண்டனை. ராஃபி டோரஸுக்கு 2015-இல் 41 ஆட்டம் தடை கொடுக்க முடிந்த லீக்குக்கு இது முடியாத காரியமா?

ஓவர்டைமில் பெனால்டி கொடுத்தால் ஆட்டமே கெட்டுவிடும் என்பவர்களுக்கு 2006 இறுதிப்போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தைச் சொல்வேன். கடுமையான விதி வந்த முதல் வருடம். கரோலினா 3-1 என்று தொடரில் முன்னிலை, எட்மண்டன் தோற்றால் கோப்பை கைவிட்டுப் போகும் என்ற நிலையில் ஓவர்டைம், அதில் எட்மண்டன் மீது ட்ரிப்பிங் பெனால்டி. ரெஃப்ரி தயங்கவே இல்லை. ஒரு ஆள் குறைவாக ஆடிய எட்மண்டனின் ஃபெர்னாண்டோ பிசானி, கரோலினாவின் பாஸை நடுவில் பறித்துக்கொண்டு தனியாக ஓடிப்போய் கோல் போட்டார். இறுதிப்போட்டி வரலாற்றில் ஆள் குறைவாக இருந்து ஓவர்டைமில் போட்ட முதல் கோல் அதுதான்.