எடை சரி, கொழுப்பு எங்கே இருக்கிறது?

உடல் எடை பற்றிய உங்கள் கட்டுரையில், உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் எண்ணான பிஎம்ஐ பற்றி, 'பிஎம்ஐ 25-க்குள் இருந்தால் கவலை வேண்டாம்' என்று ஒரு வரி வருகிறது. எங்கள் சித்தப்பாவைப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். கை கால் குச்சி மாதிரி. பேன்ட் தொடையில் தொளதொள என்று தொங்கும், இடுப்பில் பொத்தான் போட முடியாது. எடை 61 கிலோதான். 38 வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது.

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கினோடு நிற்கும் படம் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2!

தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. அந்தக் கிடங்கு சின்னதாக அமைந்துவிட்டால் மிச்சம் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் போய் உட்காரும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. கிடங்கின் அளவில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. எல்எம்என்ஏ என்ற ஒரே மரபணுவில் பிழை இருந்தால்கூட கை கால் கொழுப்பு கரைந்து, கழுத்திலும் முகத்திலும் சேர்ந்து, கூடவே சர்க்கரையும் வரும் அரிய நோய் ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு நிறைய மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் வேலை. 2015-ல் வந்த பெரிய ஆய்வில் இடுப்பு-பிட்ட அளவு விகிதத்தோடு தொடர்புள்ள 49 இடங்கள் நம் மரபணுத் தொகுப்பில் தெரிந்தன. அவற்றில் 19 இடங்கள் ஆண்களைவிடப் பெண்களிடம் வலுவாக வேலை செய்கின்றன.

சரி, மரபணுச் சோதனைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். தையல்காரர் டேப் போதும். இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால், எடை எவ்வளவு இருந்தாலும், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.