லண்டன் கவுன்சில் தேர்தல்: உறைக்குள் இருக்கும் இரண்டாவது தாள்

தபாலில் வாக்களிக்கும் நம் ஆட்கள் யாருக்குப் புள்ளடி (X குறி) போடுவது என்று வாரக்கணக்கில் விவாதிப்பார்கள். ஆனால் அந்த வாக்கு எண்ணப்படுமா, குப்பைக்குப் போகுமா என்பது வாக்குச்சீட்டோடு கூட வரும் இன்னொரு தாளில்தான் இருக்கிறது. அதுதான் உறுதிமொழித் தாள். அதில் கேட்பது இரண்டே விஷயம்: பிறந்த தேதி, கையெழுத்து. கவுன்சிலிடம் ஏற்கெனவே நீங்கள் கொடுத்து வைத்திருக்கும் தேதியோடும் கையெழுத்தோடும் இவை ஒத்துப்போகாவிட்டால், உள்ளே இருக்கும் சீட்டு எவ்வளவு சரியாக நிரப்பப்பட்டிருந்தாலும் எண்ணும் மேசைக்கு வராது. நம் வீடுகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் தாளும் இதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இலங்கையில் தபால் வாக்கு என்றால் அரச ஊழியர்கள் தேர்தலுக்கு முன்பே தங்கள் அலுவலகத்தில் போடும் வாக்கு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் தேர்தல் பணிக்குப் போகிறவர்களின் வாக்கு. அதனால்தான் "அது உத்தியோகத்தருக்குத்தானே" என்று பெரியவர்கள் ஒதுங்குகிறார்கள். பிரிட்டனில் அப்படி இல்லை. 2001இலிருந்து இங்கே காரணமே சொல்லாமல் யாரும் தபால் வாக்குக் கேட்கலாம். முன்கூட்டியே நேரில் போய் வாக்களிக்கும் சாவடிகள்தான் வழக்கத்தில் இல்லை. 2022 மே மாதம் வேல்ஸில் நான்கு கவுன்சில்கள் அதைப் பரீட்சித்துப் பார்த்தன. மற்றபடி வாக்குச்சாவடி ஒரே ஒரு வியாழக்கிழமை, காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை. அன்றைக்கு இரட்டை ஷிப்ட் வேலை என்றால் தபால்தான் வழி.

யாருக்கு உரிமை? பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டும் என்று நினைத்து எத்தனையோ பேர் பதியாமலே இருக்கிறார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். இங்கே சட்டப்படி தங்க அனுமதி உள்ள அந்நாட்டுக் குடிமக்கள், 18 வயது ஆகியிருந்தால், கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். மாணவர் விசாவில் வந்தவருக்கும் இது பொருந்தும். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்துக் கடவுச்சீட்டோடு இங்கே குடிபெயர்ந்த நம்மவர்கள் 2020 டிசம்பர் 31க்கு முன்பிருந்தே சட்டப்படி வசித்து வந்தால் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்க முடியும். டென்மார்க் குடிமக்களுக்குத் தனி ஒப்பந்தம் இருப்பதால் பிறகு வந்தவர்களுக்கும் உரிமை உண்டு. நோர்வே, சுவிஸ் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இல்லை.

நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கெடு எல்லாமே வேலை நாள் கணக்கு. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் சேராது. வாக்காளர் பட்டியலில் பதியத் தேர்தலுக்கு 12 வேலை நாள் முன், தபால் வாக்குக்கு 11, உங்களுக்காக இன்னொருவர் சாவடிக்குப் போய்ப் போடும் பதிலாள் வாக்குக்கு 6. மே மாதத் தேர்தல் என்றால் முதல் திங்கட்கிழமை விடுமுறை இடையில் வந்து ஒரு நாளைத் தின்றுவிடும். 2026 மே 7 தேர்தலையே எண்ணிப் பாருங்கள்: பதிவுக்கு ஏப்ரல் 20 நள்ளிரவு, தபால் வாக்குக்கு ஏப்ரல் 21 மாலை 5 மணி, பதிலாள் வாக்குக்கு ஏப்ரல் 28 மாலை 5 மணி. தேர்தலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று 23ஆம் தேதி உட்கார்ந்தால் தபால் கதவு மூடியிருக்கும்.

விண்ணப்பம் அரசின் இணையதளத்தில் சில நிமிட வேலை. தேசியக் காப்புறுதி எண் கேட்பார்கள். அது இல்லாதவர்களுக்கு வேறு ஆவணங்கள் காட்டும் வழி இருக்கிறது. பிறகு கையெழுத்தைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். கோடு போடாத வெள்ளைத்தாளில், கறுப்புப் பேனாவால், நல்ல வெளிச்சத்தில் நிழல் விழாமல் எடுங்கள். தொலைபேசித் திரையில் விரலால் கிறுக்குவது போன்ற கையெழுத்து வேண்டாம். நாளைக்கு உறுதிமொழித் தாளில் நீங்கள் போடப்போவது எதுவோ, அதையே இங்கேயும் போடுங்கள்.

"எனக்கு எப்போதும் தபாலில் வரும்" என்று நம்பி இருப்பவர்களுக்கு ஒன்று. இப்போது தபால் வாக்கு நிரந்தரம் இல்லை. அதிகபட்சம் மூன்று ஆண்டு. 2023 அக்டோபர் 31க்கு முன்பு நீண்டகாலத்துக்குப் பதிந்து வைத்திருந்தவர்களின் ஏற்பாடு 2026 ஜனவரி 31ஓடு முடிந்துவிட்டது. இப்படி ஏற்பாடு முடிவதற்கு முன் கவுன்சில் கடிதம் அனுப்பும். ஆனால் கவுன்சில் கடிதம் என்றாலே கவுன்சில் வரி என்று நினைத்துப் பிரிக்காமல் வைக்கும் வீடுகள் நம்முடையவை. இந்த மூன்று ஆண்டு விதி என் பார்வையில் பெரியவர்களுக்குச் செய்த அநியாயம். மோசடியைத் தடுக்கக் கையெழுத்துச் சோதனை ஏற்கெனவே இருக்கிறது; 85 வயதுக்காரரை மறுபடி மறுபடி படிவம் நிரப்ப வைப்பதால் அதற்கு மேல் என்ன கிடைக்கிறது?

இனி அந்த இரண்டாவது தாள். பிறந்த தேதிப் பெட்டிகளில் அன்றைய தேதியை எழுதிவிடுவது எல்லாச் சமூகத்திலும் நடக்கும் பிழை. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி எழுதியே பழகிய கை. நமக்கென்று இன்னொரு பிழை இருக்கிறது: இரண்டு பிறந்த தேதிகள். பள்ளியில் சேர்க்கும்போது மாற்றிக் கொடுத்த தேதி கடவுச்சீட்டில், உண்மையான தேதி ஜாதகத்தில். உறுதிமொழித் தாளில் எழுத வேண்டியது விண்ணப்பத்தில் கொடுத்த தேதிதான். அம்மாவிடம் "பிறந்த நாள் எப்ப?" என்று கேட்டு நிரப்பாதீர்கள், அவர் ஜாதகத் தேதியைச் சொல்வார். கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

கையெழுத்தும் அப்படியே. தமிழில் கையெழுத்து வைப்பதில் ஒரு தடையும் இல்லை. விண்ணப்பத்தில் தமிழிலும் உறுதிமொழியில் ஆங்கிலத்திலும் வைத்தால்தான் சிக்கல். தலைப்பெழுத்தோடு ஒருமுறை, முழுப்பெயராக ஒருமுறை என்று மாறினாலும் அதே கதை. வாதம், நடுக்கம் வந்து கையெழுத்து மாறிவிட்டதா? கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்குச் சொல்லிப் புதிய மாதிரிக் கையெழுத்தைக் கொடுத்துவிடலாம். கையெழுத்தே வைக்க முடியாதவர்களுக்கும், எழுதத் தெரியாதவர்களுக்கும் கையெழுத்து விலக்கு உண்டு. விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்க வேண்டும். மகனோ மகளோ "நானே போட்டுவிடுகிறேன்" என்று அம்மாவின் கையெழுத்தைப் போடுவது உதவி இல்லை, குற்றம்.

தபால் வந்ததும் ஒரே மேசையில் நான்கு பேருடையதையும் பிரித்துப் பரப்பாதீர்கள். ஒருவர் பிரித்து, நிரப்பி, ஒட்டிய பிறகு அடுத்தவர் தொடங்கட்டும். வாக்குச்சீட்டு A உறைக்குள் போகும். A உறையும் உறுதிமொழித் தாளும் B உறைக்குள் போகும். உறுதிமொழித் தாளை A உறைக்குள் திணிக்கக் கூடாது. சீட்டுக்கும் உறுதிமொழித் தாளுக்கும் ஒரே எண் இருக்கும்; அதை வைத்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். கணவன் சீட்டு மனைவி உறையில் போய்விட்டால், இரண்டும் வந்து சேர்ந்தால் அதிகாரிகள் எண்ணைப் பார்த்துப் பொருத்திவிடுவார்கள். ஒன்று வந்து மற்றது தாமதித்தால் இரண்டு வாக்கும் போச்சு. ஒருவர் எப்படி வாக்களித்தார் என்று மற்றவர் பார்க்காமல் இருக்கவும் இந்த ஒழுங்கு உதவும். சாவடியில் திரைமறைவு இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் இல்லை. குடும்பத் தலைவர் எல்லோருடைய சீட்டையும் தன் முன்னால் வைத்து நிரப்புவிக்கும் வழக்கத்தை வெளியே யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்.

வாக்குச்சீட்டைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. லண்டன் வார்டுகள் பலவற்றில் மூன்று கவுன்சிலர்கள்; அதனால் மூன்று புள்ளடி வரை போடலாம். ஒன்றோ இரண்டோ போட்டாலும் செல்லும். நான்கு போட்டால் முழுச் சீட்டும் செல்லாது. எத்தனை என்று சீட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். நியூஹாம், குரொய்டன் போன்ற இடங்களில் மேயருக்குத் தனிச் சீட்டு. அதில் ஒரே ஒரு புள்ளடி. இரண்டு சீட்டும் வந்தால் இரண்டையும் மறக்காமல் வையுங்கள். சீட்டில் பெயரோ கையெழுத்தோ வேண்டாம்.

திருப்பி அனுப்பத் தபால்தலை தேவையில்லை. தேர்தல் நாள் இரவு 10 மணிக்குள் கவுன்சிலிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அஞ்சல் முத்திரையில் என்ன தேதி இருக்கிறது என்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். கிடைத்த வாரத்திலேயே தபாலில் போடுங்கள். தேர்தல் வாரத்தின் செவ்வாய்க்குப் பிறகு கையில் இருந்தால் தபாலை நம்பாமல் நேரில் கொடுங்கள்: உங்கள் வார்டின் வாக்குச்சாவடியிலோ, கவுன்சில் அலுவலகத்திலோ. அங்கே ஒரு சிறு படிவம் தருவார்கள். அதை நிரப்பாமல் வைத்துவிட்டு வந்தால் வாக்கு நிராகரிக்கப்படும். பூட்டியிருக்கிறதே என்று கவுன்சில் கட்டடத்தின் தபால் துவாரத்தில் தள்ளிவிட்டு வந்தாலும் நிராகரிப்புத்தான். உங்களுடையது போக, மற்றவர்களுடையது ஐந்து வரை கொண்டுபோகலாம். ஆறாவது சேர்ந்தால் உங்களுடையது தவிர மற்ற அனைத்தும் வீண்.

கோயில் வாசலிலும் கடை வாசலிலும் "குடுங்கோ அண்ணை, நாங்கள் சேர்த்துவிடுகிறோம்" என்று கேட்கும் கட்சிக்காரரிடம் உறையைக் கொடுக்காதீர்கள். 2024 மே 2 முதல், பிரசாரம் செய்பவர் தன் நெருங்கிய குடும்பத்தினர் அல்லது தான் பராமரிப்பவருடையது தவிர வேறொருவரின் தபால் வாக்கைக் கையில் எடுப்பதே குற்றம். வேட்பாளர் தெரிந்த தம்பியாக இருந்தாலும் சரி. இந்தக் கடுமை சும்மா வரவில்லை. 2004இல் பர்மிங்ஹாமில் இரண்டு வார்டுகளில் தபால் வாக்குகளை அள்ளிச் சேர்த்து நடத்திய மோசடியால் அடுத்த ஆண்டு தேர்தல் நீதிமன்றம் அந்த முடிவுகளை ரத்துச் செய்தது. பிறந்த தேதி, கையெழுத்துச் சோதனை அதன் பிறகு 2006 சட்டத்தோடு வந்ததுதான். ஐந்து என்ற வரம்பை நம் ஆட்கள் சிலர் தொல்லை என்கிறார்கள். ஒரே ஆளின் பையில் ஐம்பது உறை இருப்பதைவிட இந்தத் தொல்லை எவ்வளவோ மேல்.

தபால் வாக்குக் கேட்டவர் சாவடிக்குப் போய் நேரில் சீட்டு வாங்க முடியாது. மனம் மாறினால் 11 வேலை நாள் கெடுவுக்குள் ரத்துச் செய்ய வேண்டும். நேரில் போனால் படமுள்ள அடையாள ஆவணம் வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டும் காமன்வெல்த் கடவுச்சீட்டு என்பதால் செல்லும். காலாவதியானாலும் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். மாணவர் அட்டை செல்லாது. பட்டியலில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் தகப்பன் பெயரோடு இன்னொரு பெயர் என்று இருந்தால் முன்கூட்டியே திருத்துங்கள்.

தபால் வாக்கு உறை வரவே இல்லையென்றால், தேர்தலுக்கு முந்தைய நான்காவது வேலை நாளிலிருந்து தேர்தல் நாள் மாலை 5 மணி வரை கவுன்சிலிடம் மாற்றுச் சீட்டு கேட்கலாம். பிழையாக நிரப்பிக் கெடுத்துவிட்டாலும் கேட்கலாம், ஆனால் வந்த அத்தனை தாளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடித்துத் திருத்தி அனுப்புவதைவிட அதுவே நல்லது.

தேர்தல் வாரம் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருப்பவர்கள் வாக்குச்சீட்டை அங்கே அனுப்பக் கேட்காதீர்கள். போய்த் திரும்பி வர நாள் போதாது. பதிலாள் போடுங்கள். பதிலாள் தன்னுடைய அடையாள ஆவணத்தோடு உங்கள் சாவடிக்குப் போக வேண்டும். இங்கே வசிப்பவர்களில் இரண்டு பேருக்கு மேல் ஒருவர் பதிலாளாக இருக்க முடியாது. ஆறு நாள் கெடு தாண்டிய பிறகு திடீரென ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ, வேலை வெளியூர் இழுத்தாலோ, அடையாள ஆவணம் தொலைந்தாலோ அவசரப் பதிலாள் கேட்கலாம். தேர்தல் நாள் மாலை 5 மணி வரை கவுன்சிலின் தேர்தல் பிரிவு அதை ஏற்கும்.