லெவோடோபா யார் பணத்தில் வந்தது?

"பார்க்கின்சன் மருந்தெல்லாம் தனியார் கம்பெனிகள் கொண்டுவந்தவை, அமெரிக்க அரசு இதில் பணம் போடுவது வீண்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. கை கால் நடுக்கமும் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோய்க்கு முக்கிய மருந்தான லெவோடோபாவை மாத்திரையாக்கிக் கடைக்குக் கொண்டுவந்தது கம்பெனிகள்தான். அதோடு கார்பிடோபா என்ற துணை மருந்தைச் சேர்த்து குமட்டலைக் குறைத்ததிலும் அவர்களுக்குப் பங்குண்டு.

ஆனால் அதற்கு முந்தைய கதையை விட்டுவிட்டீர்கள். 1960களின் தொடக்கத்தில் டோபாவை (லெவோடோபா அதன் ஒரு வடிவம்) நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பலன் நிலைக்கவில்லை. சிறு அளவில் தொடங்கி, பொறுமையாகக் கூட்டிக்கொண்டே போய் பெரிய அளவை வாய்வழி கொடுத்தால் நோயாளி எழுந்து நடப்பார் என்று 1967இல் காட்டியவர் மருத்துவர் ஜார்ஜ் கோட்சியாஸ். அவர் வேலை பார்த்த இடம் நியூயார்க்கின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம். அப்போது அது அமெரிக்க அரசின் அணுசக்தி ஆணையத்தின் கீழ் இருந்தது! அணு ஆய்வுக்கூடத்தில் நடுக்கத்துக்கு மருந்தா என்று எந்தக் கம்பெனி கணக்குப் போட்டிருக்கும்? அதிலும் அவர் இதற்குள் வந்த வழி, மாங்கனீசு நஞ்சேறி பார்க்கின்சன் போன்ற அறிகுறிகள் வந்த சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு.

அப்புறம் 1997. ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள பிறழ்வை, பார்க்கின்சன் பரம்பரையாக வந்த ஓர் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் கண்டறிந்த குழுவை நடத்தியது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், அதுவும் அரசுதான். இன்று கம்பெனிகள் சோதிக்கும் பல புது மருந்துகள் குறிவைப்பது அந்தப் புரதத்தைத்தான்.

இன்னொன்று: "2024 சட்டத்திலேயே நிதி கொடுத்தாயிற்று" என்கிறீர்கள். பார்க்கின்சன் நோய்க்கான அந்த அமெரிக்கச் சட்டம் தேசியத் திட்டமும் ஆலோசனைக் குழுவும் அமைக்கச் சொல்கிறது. ஆராய்ச்சிக்கான பணத்தை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் தனியாகத்தான் ஒதுக்க வேண்டும்.