அழியாமல் நின்றவர்களின் ஜனவரி 26

ஆஸ்திரேலியா தினமான ஜனவரி 26 நெருங்கினால் போதும், அந்த நாட்டில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதே கேள்வி வந்துவிடும்: "200 வருடத்துக்கு முன்பு நடந்ததை இன்னும் எத்தனை காலம் பேசிக்கொண்டிருப்பார்கள்?" கேட்பவர்கள் அன்று சிட்னி விக்டோரியா பூங்காவில் நடக்கும் பூர்வகுடிகளின் யாபுன் விழாவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

1788இல் இதே நாளில்தான் பிரிட்டிஷ் ஆளுநர் ஆர்தர் பிலிப் 'சிட்னி கோவ்' என்ற சிறு விரிகுடாவின் கரையில் தன் நாட்டுக் கொடியை ஏற்றினார். அடுத்த ஆண்டே பெரியம்மை பரவி, அந்தக் கரையோரப் பூர்வகுடிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். பிறகு நிலம் போனது, பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

1938இல் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 150ஆம் ஆண்டு விழாவில் பிலிப் வந்திறங்கியதை நடித்துக் காட்ட அரசு முடிவு செய்தது. அதற்காக மெனிண்டீ போன்ற தொலைதூர ஊர்களிலிருந்து பூர்வகுடி ஆண்களைக் கொண்டுவந்து, ரெட்பெர்ன் போலீஸ் வளாகத்தின் குதிரை லாயத்தில் தங்கவைத்தார்கள். வெள்ளையரைக் கண்டு ஓடுவதுபோல் நடிக்கவைத்தார்கள். அதே நாளில், எலிசபெத் தெருவில் ஓர் அரங்கில் வில்லியம் பெர்குசன், ஜாக் பேட்டன், வில்லியம் கூப்பர் முதலான பூர்வகுடித் தலைவர்கள் துக்க நாள் கூட்டம் நடத்தி, முழுக் குடியுரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். அந்த அரங்குக்குள்ளும் பின்வாசல் வழியாகத்தான் போக முடிந்தது!

1972இல் இதே நாளில் கான்பெராவில், நில உரிமை கேட்டுப் பூர்வகுடிகள் அமைத்த கூடாரத் தூதரகம் எழுந்தது. 1988இல் சிட்னித் தெருக்களில் பல்லாயிரம் பேர் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். யாபுனின் ஆட்டமும் பாட்டும் இந்த வழியில் வந்தவை. அங்கே மகிழ்ச்சியைப் பார்த்துவிட்டு, 'பழசை மறந்துவிட்டார்கள்' என்று யாரும் நினைக்க வேண்டாம். அழித்துவிடப் பார்த்த ஆட்டத்தைப் பேரப்பிள்ளைகள் ஆடும்போது பாட்டிமார்களின் முகத்தைப் பாருங்கள், மறக்கவில்லை என்பது தெரியும்.

விராஜுரி என்ற பூர்வகுடி மக்களின் மூத்தவர் ஸ்டான் கிராண்ட் சிறுவனாக இருந்தபோது, தெருவில் அவரைத் தாய்மொழியில் கூப்பிட்டதற்காகத் தாத்தாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் மொழியியலாளர் ஜான் ரடரோடு சேர்ந்து விராஜுரி அகராதியை உருவாக்கினார். பிறகு சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தில் அந்த மொழிக்கு ஒரு படிப்பையே தொடங்கினார்கள். தாய்மொழிக்காக உயிர்விட்டவர்களைப் போற்றும் நாம் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா கடந்துபோகலாமா?

ஆஸ்திரேலியா தினத்தின் தேதியை மாற்றக் கூடாது என்பவர்கள் மரபைக் காரணம் காட்டுகிறார்கள். நாடு முழுவதும் ஜனவரி 26 அன்றே பொது விடுமுறை என்று ஆனது 1994இல்தான். நம்மில் பலர் குடியுரிமை உறுதிமொழி எடுத்ததும் இதே தேதியில்தான். அந்த நாளின் மீது அவர்களுக்கு இருக்கும் பற்று எனக்குப் புரிகிறது. ஆனால், மே மாதத்தில் எடுத்திருந்தாலும் அதே குடியுரிமைதானே கிடைத்திருக்கும்? தேதி மாற வேண்டும் என்பதே என் கருத்து. மாறும்வரை, ஜனவரி 26 அன்று என் குடும்பம் யாபுனில்தான் இருக்கும். அனுமதி இலவசம். நீங்களும் வாருங்கள்.