குரங்கைக் கொன்றதா பாம்புத்தலைப் பூச்சி?

"ஏற்காட்டில் பாம்புத்தலைப் பூச்சி கடித்துக் குரங்கு செத்தது, தொட்டாலே விஷம்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. படத்தில் இருப்பது அட்லஸ் அந்துப்பூச்சி. இறக்கையை விரித்தால் ஏறத்தாழ 25 செ.மீ. இருக்கும், நுனியில் பாம்புத் தலை போல ஒரு கோலம், அவ்வளவுதான். கடிப்பதற்கு அதற்கு வாயே வேலை செய்யாது, கொடுக்கும் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஒன்றிரண்டு வாரம் ஓட்டிவிட்டுச் செத்துப்போகும், பாவம்.

உண்மையில் கடிக்கக்கூடியது, மலைப்பாதையில் சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கும் நாட்டுக்குரங்குதான். அது கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

சந்தேகமென்றால் வனத்துறை அலுவலகத்திலோ கல்லூரி விலங்கியல் துறையிலோ கேட்கலாம். அந்தப் படத்தை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். பார்த்தவர்கள் பூச்சியைச் செருப்பால் அடித்துவிடுவார்கள்.