உறுமும் நாயை அதட்டாதீர்கள்
வயதான நாய் இருக்கும் வீட்டுக்குப் புதிதாக ஒரு குட்டியைக் கொண்டுவருவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். இரண்டின் முதல் சந்திப்பை வீட்டுக்கு வெளியே, பொதுவான இடத்தில் வைக்கச் சொல்லும் அதன் யோசனை நல்லது. ஆனால் குட்டியின் தடுப்பூசிகள் முடியும்வரை, அதாவது ஏறத்தாழ 16 வாரம் ஆகும்வரை, பல நாய்கள் வந்துபோகும் தரையில் அதை இறக்கிவிட வேண்டாம். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்.

"பெரிய நாய் உறுமினால் உடனே அதட்டுங்கள்" என்று கட்டுரையில் வரும் வரியை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. உறுமல் ஓர் எச்சரிக்கை. "போதும், தள்ளிப் போ" என்று சொல்ல அதற்கு வேறு என்ன வழி இருக்கிறது? அதட்டி அதட்டி அதை அடக்கினால், பிறகு எச்சரிக்கை இல்லாமலே கடிக்கக்கூடும். அந்த நேரத்தில் குட்டியைத்தான் அமைதியாக விலக்க வேண்டும். வயதான நாய்க்கு மூட்டுவலி இருக்கலாம், காது மந்தமாகியிருக்கலாம். ஊசிபோன்ற பால்பற்களால் வாலைப் பிடித்து இழுக்கும் குட்டியை அது எவ்வளவு நேரம்தான் பொறுத்துக்கொள்ளும், பாவம்!

குட்டி நுழைய முடியாத ஓர் இடம் மூத்ததற்குக் கட்டாயம் வேண்டும். சாப்பாடு தனித்தனியாக, ஒன்றையொன்று பார்க்காதபடி வையுங்கள். கவனிக்க ஆள் இல்லாதபோது இரண்டையும் பிரித்தே வையுங்கள். மூத்ததைத் தினமும் தனியாக நடக்க அழைத்துச் செல்வதையும் நிறுத்திவிடாதீர்கள். பல வீடுகளில் முதலில் நின்றுபோவது அதுதான்.